சும்மாடு கட்டிய கால்

இலங்கையில் சிவனொளிபாத மலையின் உச்சியில் பாறையில் பதிந்த ஒரு காலடி இருக்கிறது. சிவனுடையது என்று நாம் சொல்கிறோம். புத்தருடையது என்று சிங்களவர்கள் சொல்கிறார்கள். ஆதம் நபியுடையது என்று எட்டயபுரத்தில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் மைதீன் பாய் சொல்கிறார். யாருடையதானாலும் ஒற்றைக் கால்தான் என்பதில் மூன்று தரப்புக்கும் தகராறு இல்லை. நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தவனுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

அந்த மலையில் ஏற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வேலையில் இருந்தபோது லீவு கிடைக்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு லீவு கிடைத்தது, கால் போய்விட்டது.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காடுகளில் சங்கிலி பிடித்து நான் அளக்காத புஞ்சை கிடையாது. முட்புதர், வெடிப்பு, ஓடைக்கரை எதையும் விட்டதில்லை. ஒரு பாம்பும் என்னைப் பொருட்படுத்தவில்லை. எமர்ஜென்சி சமயத்தில் ஓய்வுபெற்று, கோவில்பட்டியில் வீடு கட்டி, அந்த வீட்டின் குளியலறையில் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் படுத்திருந்த சுருட்டை விரியன் என் இடது கணுக்காலில் கடித்தது. மதுரையில் உயிரைக் காப்பாற்றினார்கள். கால் அழுகிவிட்டதால் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுத்தார்கள்.

இதில் ஒரு நிர்வாகச் சிக்கலும் உண்டு. பள்ளிக்கூடச் சான்றிதழிலும் பென்ஷன் புத்தகத்திலும் என் அங்க அடையாளங்கள் இரண்டு: இடது கணுக்காலில் தழும்பு, இடது ஆடுதசையில் மச்சம். வருஷத்துக்கு ஒரு முறை கருவூலத்தில் ஆஜராகி நான் நான்தான் என்று நிரூபிக்க வேண்டும். புதிதாக வந்த குமாஸ்தா அடையாளத்தைக் காட்டச் சொன்னார். "ரெண்டும் மதுரையில இருக்கு" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு மேலதிகாரியைப் பார்க்கப் போனார். பாஸ்போர்ட் வாங்கியபோதும் இதே கதைதான். கன்னத்தில் ஒரு அம்மைத் தழும்பைத் தேடிக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டோம்.

புதுக் காலைச் சென்னையில் செய்து கொடுத்தார்கள். தொடையில் நாடா இழுத்துக் கட்டும் தோல் பட்டை, முழங்காலின் இருபக்கமும் இரும்புக் கீல், அதற்குக் கீழே மரம், அடியில் ரப்பர் பாதம். செய்தவர் ஒரு விஷயத்தை மட்டும் மூன்று தடவை சொன்னார். "இந்த பூட்ஸோட குதிகால் உயரத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் சார் கால் வெச்சிருக்கேன். பூட்ஸைக் கழட்டிட்டு நின்னா பின்னாடி சாஞ்சிடுவீங்க." வீட்டுக்குள்ளும் பூட்ஸ், பூஜை அறை வாசலிலும் பூட்ஸ் என்று வாழப் பழகிக்கொண்டேன். உள்ளே போவதை விட்டுவிட்டேன்.

போன கார்த்திகையில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. என்னோடு படித்து அங்கே கடை வைத்திருக்கும் நண்பன் எழுதியிருந்தான். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசி வரை மலையில் கூட்டம் போகும், வந்துவிடு, ஸ்வெட்டரும் டார்ச்சும் கொண்டுவா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. என் மனைவி பாக்கியம் கடிதத்தைக் கேட்டுவிட்டு முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"மொதல்ல எங்க அண்ணன் ஊருக்கு நடந்து போய்ட்டு வாங்க. பொறவு சீமையில மல ஏறலாம்."

அவள் அண்ணன் ஊர் எப்போதும்வென்றான். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக இருபது மைலுக்குச் சற்றுக் குறைவு. அவள் சொன்னது மறுப்பு என்று யாருக்கும் புரியும். ஆனால் முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க உத்தரவுகளைப் படித்தவனுக்கு அது நிபந்தனையுடன் கூடிய அனுமதி. நிபந்தனை ஒன்றுதான்: நடக்க வேண்டும். கைத்தடி கூடாது என்று அதில் இல்லை. ஒரே நாளில் என்றும் இல்லை. நடந்துவிட்டால் இலங்கை, வழியில் ஒரு வண்டியில் ஏறிவிட்டால் மலையைப் பற்றி இனிப் பேச்செடுக்கக் கூடாது. எனக்கு நானே அப்படி ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஊரின் பெயரை வைத்து இதுவரை பதினோரு பேர் நகைச்சுவை செய்துவிட்டார்கள், பன்னிரண்டாவதாக நான் சேரப்போவதில்லை.

தை மாதக் கடைசியில் புறப்பட்டேன்.

முதல் நாள். விடியும் நேரத்தில் ஊர் எல்லையில் தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்காகப் பெண்கள் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள். அவர்களைக் கடந்ததும் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஏட்டி, சைக்கிள் சத்தம் கேக்கு, சைக்கிளக் காணோம்."

"அந்தப் பெரியவரு காலுட்டி."

"காலா? எண்ண போடச் சொல்லேன்."

எண்ணெய் போட்டுத்தான் வந்திருந்தேன், தையல் மிஷின் எண்ணெய். கரிசல் மண் தூசிக்கு அது போதவில்லை. ஒரு மைலுக்கு ஒரு தடவை உட்கார்ந்து கீலைத் துடைக்க வேண்டியிருந்தது.

இந்தச் சாலையில் நான் ஆயிரம் தடவை போயிருக்கிறேன், ஜீப்பிலும் சைக்கிளிலும் பஸ்ஸிலும். சாலை இவ்வளவு மேடும் பள்ளமும் என்று இப்போதுதான் தெரிகிறது. இருபக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. ரோட்டோரத்தில் மிளகாய்ப் பழத்தைக் காயப் போட்டுப் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். ஆக்கிரமிப்புதான். நோட்டீஸ் கொடுக்க எனக்கு இப்போது அதிகாரம் இல்லை, குனியத் தெம்பும் இல்லை.

மூன்றாவது மைலில் தூத்துக்குடி பஸ் என் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி கேட்டார்.

"அண்ணாச்சி, எங்க போறிய?"

"எப்போதும்வென்றானுக்கு."

"அதுக்குத்தான அண்ணாச்சி இந்த பஸ்ஸு போகுது!"

"தெரியும்."

"பின்ன ஏறுங்க."

"நடக்கணும்."

கண்டக்டர் உள்ளே திரும்பி டிரைவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "வீட்டுல சண்ட போலுக்கு. எடுங்க." பஸ் முழுக்க ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போயிற்று. அந்த பஸ் ஒரு நாளைக்குப் போக வர நான்கு நடை. நான்கு நடையிலும் நின்று கேட்டார். நான்கு தடவையும் மறுத்தேன். மாலையில் கண்டக்டரின் தொனி மாறிவிட்டது. "அண்ணாச்சி இன்னும் ரெண்டு மைலு, விட்ராதீங்க" என்றார். உள்ளே இரண்டு பேர் கைதட்டினார்கள்.

வழியில் ஒரு டீக்கடையில் கருப்பட்டிக் காபியும் காராச்சேவும். கொழும்பிலிருந்து வரும் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு கடலைத் தாண்டி வருவதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. கடைக்காரர் என் பூட்ஸையும் கைத்தடியையும் பார்த்துவிட்டு, மிலிட்டரியில் கால் போனதா என்று கேட்டார். குளியலறையில் போனது என்று சொல்ல மனம் வரவில்லை. "சர்வீஸ்ல" என்றேன். சேவு இன்னும் கொஞ்சம் வைத்தார்.

பொழுது சாய எட்டயபுரம் போய்ச் சேர்ந்தேன். மைதீன் பாய் மண்டி வாசலிலேயே நின்றார். நான் வருவதை பஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

"வாங்க சர்வேயர். ஒம்பது மைலும் நடந்தேவா வந்திய? ஒங்களுக்கு என்னய்யா வந்துச்சு?"

"மலை ஏறணும் பாய்."

"ஏறுங்க. எங்க ஆதம் நபி நின்ன எடம். அவுக ஒத்தக் கால்ல நின்னு தவம் பண்ணுனதாச் சொல்லுவாக. ஒங்களுக்கு அந்தச் செரமமே இல்ல, ரெடியாப் போறிய."

இதற்கு அவரே பத்து நிமிஷம் சிரித்தார். பிறகு வீட்டிலிருந்து இடியாப்பமும் ஆணமும் வரவழைத்தார். ஒன்பது மைலுக்குப் பிறகு அந்தக் குழம்பைப் பற்றி நான் சொல்லும் எதையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மண்டியிலேயே கட்டில் போட்டுக் கொடுத்தார். சுற்றிலும் மிளகாய் வத்தல் மூட்டைகள். காலைக் கழற்றி, வெட்டுண்ட முனையில் போடும் பருத்தி உறையை உருவி, வியர்வை காயட்டும் என்று பக்கத்து மூட்டை மேல் விரித்துப்போட்டேன். பாய் என் காலை இரண்டு கையாலும் எடுத்து, சாமான் விழுந்து உடைந்துவிடக் கூடாது என்பது போல மேஜை மேல் வைத்தார். தும்மிக்கொண்டே தூங்கினேன்.

முப்பத்து மூன்று வருஷம் இந்தச் சீமையில் வேலை பார்த்தவன் ஈர உறையை மிளகாய் மூட்டை மேல் காயப்போட்டேன். வேறு ஊர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

இரண்டாம் நாள். முதல் அரை மைலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு இடது முழங்காலுக்குக் கீழே சூடு ஏறியது. நடந்த சூடு என்று நினைத்தேன். ஒரு மைல் தாண்டியதும் தீக்கங்கை வைத்துக் கட்டியது போல ஆயிற்று. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காலைக் கழற்றினால், முனை முழுவதும் சிவந்து, ஒரு பக்கம் தோல் உரிந்திருந்தது. உறையை முகர்ந்து பார்த்தேன். முகர்ந்ததில் கண்ணும் போயிற்று.

அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கியே வந்துவிட்டார். ஒரு கையில் காலும் இன்னொரு கையில் உறையுமாக நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து டிக்கெட் பையைப் பின்னால் தள்ளிவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

"அழாதீங்க அண்ணாச்சி. ஏறுங்க. ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"இது அழுகை இல்ல. வத்தல்."

அவர் நம்பவில்லை. ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்தால் இருபது நிமிஷத்தில் மைத்துனர் வீட்டுச் சாப்பாடு. ஆனால் இந்தக் கண்டக்டர் ஒருத்தரிடமும் சொல்லாமல் இருக்கக்கூடிய ஆள் இல்லை என்பது மட்டும் நிச்சயம். தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினேன். மாற்று உறை ஒன்று பையில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு நாலு மைல்தான் நடக்க முடிந்தது. அதை நடை என்று சொல்வது மரியாதைக்காக.

சாயங்காலம் ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், தெலுங்கு பேசும் ஒரு விவசாயச் சம்சாரி வீட்டில் இடம் கொடுத்தார்கள். வயதான புருஷனும் பெண்சாதியும் மட்டும். மனுஷர்கள் நல்லவர்கள். என்னிடம் தமிழில் உபசாரமும் தங்களுக்குள் தெலுங்கில் உண்மையும் பேசினார்கள். எனக்குத் தெலுங்கு வராது என்பது அவர்கள் எண்ணம். பாதிக் கரிசலை அளந்தவனுக்கு அது வராமல் எப்படி இருக்கும்?

"காலோடு புத்தியையும் எடுத்துவிட்டார்கள் போல" என்று கிழவி தெலுங்கில் சொன்னாள்.

"பாவம், பென்ஷன்காரர். வேலை இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்" என்றார் கிழவர், அதே மொழியில்.

பிறகு அந்தக் கிழவியே குளிர்ந்த மோரைப் புண்ணில் ஊற்றிக் கழுவி, வெண்ணெய் தடவி, சுத்தமான பழைய துணியைக் கிழித்துக் கொடுத்தாள். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். எங்கள் வீட்டில் ஓய்வுக்குப் பிறகு இட்லியும் கஷாயமும்தான். சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பார்த்துத் தமிழில், "நீங்க தைரியசாலி அய்யா" என்றாள். நன்றி என்று தெலுங்கில் சொல்லலாமா என்று யோசித்தேன். மறுநாள் காலைக் கஞ்சியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள். ரோடு வழியாகப் போனால் இன்னும் ஐந்து மைல். புண்ணோடு மூன்று மைலுக்கு மேல் தாங்காது என்பது எழுந்து நின்றதும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ஊரிலிருந்து எப்போதும்வென்றானுக்குக் காட்டு வழியே ஒரு வண்டிப்பாதை உண்டு, இரண்டு மைல் மிச்சம். புலப்படமே என் மனதில் இருந்தது. ரோட்டை விட்டு இறங்கினேன்.

கரிசல் காய்ந்தால் வெடிக்கும். கைத்தடியின் முனை வெடிப்பில் இறங்கி மாட்டிக்கொள்ளும். இரண்டு தடவை அதைப் பிடுங்கும்போது நானும் சேர்ந்து விழுந்தேன். விழுந்தபோது உதவ யாரும் இல்லை, பார்க்கவும் யாரும் இல்லை, கணக்குச் சரியாகிவிட்டது. இரண்டரை மைல் இப்படிப் போனதும், ஊர்க் கோயில் கோபுரம் தெரிய ஆரம்பித்த இடத்தில், பாதை முடிந்துவிட்டது.

முன்னால் ஒரு களம். இரண்டு பக்கமும் மிளகாய்த் தோட்டத்துக்கு வெட்டிப்போட்ட முள்வேலி. நடுவில் சாணி தெளித்து மெழுகிய தரையில் மல்லி அடித்துப் பொலியாகக் குவித்திருந்தார்கள். கொத்தமல்லி வாசனை அரை மைலுக்கு வந்தது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தூற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தலையில் சும்மாட்டோடு சாக்குச் சுமக்கத் தயாராக நின்றாள்.

"மோர் குடிக்கிறீங்களா அய்யா?" என்றார் அவர்.

"வேண்டாம்" என்றேன், பழக்கத்தில். "இங்க வண்டிப்பாதை இருக்கணுமே?"

"இருந்துச்சு. ரொம்ப வருசத்துக்கு முந்தி ஒரு சர்வேயர் வந்தாரு. கறாரான ஆளு. மோர் குடுத்தாக் கூட வாங்க மாட்டாரு. மத்தியானம் வெயில்ல வந்து நின்னு, ஒரு வண்டியும் வரலன்னு, 'பாதை உபயோகத்தில் இல்லை'ன்னு எழுதிட்டுப் போய்ட்டாரு. எங்க பட்டாவுல சேந்துட்டு. எங்களுக்கு நல்லது. ஊர்க்காரனுக்குத்தான் சுத்து."

களத்தின் மூலையில் சர்வே கல் இருந்தது. அதிலுள்ள எண்ணை எழுதச் சொன்ன நாள் எனக்கு ஞாபகம் வந்தது. நல்ல வெயில். மத்தியானத்தில் இந்தச் சீமையில் எந்த வண்டி வரும்?

"அந்த சர்வேயர் இப்ப எங்க?" என்றேன்.

"செத்துருப்பாரு."

"அப்படித்தான் கேள்வி" என்றேன்.

களத்தைத் தாண்டினால் ஊர் அரை மைல். தாண்டாவிட்டால் வந்த வழியே திரும்பி, ரோட்டைப் பிடித்து, மொத்தம் ஏழு மைலுக்கு மேல். இன்னும் ஒரு மைல்கூட என்னால் ஆகாது. கால் எடுத்து வைக்கப் போனேன். அந்த அம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அய்யா, பொலி கெடக்கு. பூட்சக் கழத்திட்டு வாங்க."

எனக்குத் தெரியாத வழக்கமா? பொலி கிடக்கும் களத்தில் கலெக்டர் வந்தாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். நானே என் ஆட்களைக் கழற்றச் சொல்லி அதட்டியிருக்கிறேன். வேட்டியை விலக்கி மரத்தைக் காட்டினேன். வலது காலில் இருப்பதைக் கழற்றிவிடுகிறேன், இடது காலில் இருப்பதைக் கழற்றினால் நிற்க முடியாது என்று விளக்கினேன். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"கட்டதான. கம்பு ஊன்டுற மாதிரிதான இது. விடு புள்ள" என்றார் புருஷன்.

"கம்புன்னா அதுக்கு பூட்சு எதுக்கு?" என்றாள் அவள். "காலுன்னா கழத்தணும்லா?"

எத்தனையோ வக்கீல்களின் வாதத்தை நான் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக இரண்டு பக்கமும் அடைத்த வாதத்தைக் கேட்டதில்லை.

"வண்டி பூட்டுதேன், சுத்திக் கொண்டுபோய் விட்டுருதேன்" என்றார் அவர். கூடாது என்றேன். ஏன் கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. மலை, பாக்கியம், நிபந்தனை எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"அவிய சொன்னது போகாதீயன்னுல்லா! நீங்க படிச்ச ஆளு, வேற மாதிரி எடுத்துக்கிட்டிய."

"அப்படியும் சொல்லலாம்."

"சரி, கழத்திப் பாருங்க. விழுந்தா நாங்க இருக்கோம்."

களத்துக்கு வெளியே வெறும் மண்ணில் இரண்டு பூட்ஸையும் கழற்றினேன். எழுந்து ஓர் அடி வைத்தேன். சென்னைக்காரர் சொன்னது பொய்யில்லை. மரக்கால் பின்னால் இழுத்தது, முழங்கால் பின்பக்கம் மடங்கப் பார்த்தது, உட்கார்ந்துவிட்டேன். ரப்பர் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மலை ஆசை அந்த இரண்டு விரலில் முடிந்தது என்று நினைத்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், முடிந்தால் முடியட்டும் என்றுகூடத் தோன்றியது. வண்டியைப் பூட்டச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்த அம்மாள் என் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையிலிருந்து சும்மாட்டை எடுத்தாள். பழைய சேலைத் துணியைச் சுருட்டி வளையமாக்கியது. அதைப் பிரித்து, நாலாக மடித்துக் குதிகாலுக்குக் கீழே கொடுத்து, மிச்சத்தைக் கணுக்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"தலையில வைக்கிற துணி. பொலியில பட்டாக் குத்தமில்ல" என்று புருஷனிடம் தீர்ப்புச் சொன்னாள். அவர் மேல்முறையீடு செய்யவில்லை.

எழுந்து நின்றேன். முன்னால் சாய்ந்தது. கனம் ஜாஸ்தி. அவிழ்த்து ஒரு மடிப்பைக் குறைத்தாள். மறுபடி நின்றேன். நின்றது. சென்னையில் இதற்கு மூன்று நாள் ஆயிற்று, பார்மும் இரண்டு பிரதி கொடுக்க வேண்டியிருந்தது.

களத்தின் குறுக்களவு சங்கிலிக் கணக்கில் எழுபது லிங்க், நாற்பத்தாறு அடி. வலது பாதத்தில் மல்லித் தூசும் தொலியும் குத்தின. வெறுங்காலில் தரையை மிதித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது, இருக்கிற காலுக்கும் பூட்ஸிலிருந்து கிடைக்கும் விடுமுறையை நானே ரத்து செய்து வைத்திருந்தேன். இடது பக்கம் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் விழவில்லை. அந்தக் கரையில் போய் நின்று மூச்சு வாங்கினேன். இடது கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

"அந்த சர்வேயரும் இப்படித்தான் நிப்பாரு, இடுப்புல கையக் குடுத்துக்கிட்டு" என்றார் புருஷன், மோர்ச் செம்போடு வந்தபடி.

கையை எடுத்துவிட்டு மோரை வாங்கிக் குடித்தேன். இரண்டாவது செம்பும் கேட்டுக் குடித்தேன். அவர் என்னையும் கல்லையும் ஒரு தடவை பார்த்தார். களத்துக்கு வந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று அந்த அம்மாள் ஒரு கை மல்லியை என் சட்டைப் பையில் போட்டாள். துணியைத் திருப்பிக் கொடுக்கக் குனிந்தேன்.

"வச்சிக்கிடுங்க. எனக்கு சேலையா இல்ல? ஊரு வரைக்கும் அப்படியே போங்க, பூட்ச மாட்டினாப் புண்ணு ஒராயும்."

மீதி அரை மைலையும் பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மைத்துனர் வீட்டை அடைந்தேன். வாசலில் பாக்கியம் நின்றாள். காலை பஸ்ஸில் வந்துவிட்டாளாம். முதல் இரண்டு நாளும் கண்டக்டர் விசாரித்துக்கொண்டு கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கே போய் நிலவரம் சொல்லியிருக்கிறார், நான் மரத்தடியில் அழுததையும் சேர்த்து.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

"பூட்சு போடாமயா நடந்திய?"

"களத்துல கழத்தச் சொன்னாங்க." நடந்ததைச் சொன்னேன்.

உட்காரவைத்துக் கட்டை அவிழ்த்தாள். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மடிப்பை எண்ணினாள். புண்ணைப் பார்த்தபோது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அந்த மல உச்சியில கோயிலுதான?"

"ஆமா."

"செருப்போட விடுவானா?"

பாஸ்போர்ட், தடுப்பூசிச் சான்று, கப்பல் நேரம், அந்நியச் செலாவணி விதி அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆறாயிரம் படி ஏறிக் கடைசியில் காலடிக்கு முன்னால் பூட்ஸைக் கழற்ற வேண்டும் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை, என் மூளையிலும் இல்லை. அந்தக் களத்தில் தடுக்காமல் விட்டிருந்தால் மலை உச்சியில் பின்னால் சாய்ந்திருப்பேன். அங்கே பின்னால் இருப்பது ஆறாயிரம் படி.

"இதக் கட்ட உங்களால முடியாது" என்றாள் பாக்கியம். "நின்னு பாத்து மடிப்பக் கொறைக்க இன்னொரு ஆளு வேணும். உங்க கொழும்புக்காரருக்கு சும்மாடு கட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன என்ன செய்வியளாம்?"

கேள்வியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

அவளுக்குப் பாஸ்போர்ட் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் இந்த வருஷத்து வைகாசி போய்விடும். அடுத்த மார்கழிக்கு வருகிறோம், இரண்டு பேர் என்று கொழும்புக்கு எழுதிவிட்டேன். எனக்கும் புண் ஆற வேண்டும். இந்த மூன்று நாள் அலுப்புத் தீர அந்த அவகாசம் போதுமா என்பது சந்தேகம்தான்.

போன வாரம் அவளுடைய விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். அங்க அடையாளம் என்ற இடம் வந்தது. இடது பாதத்தில் அவளுக்குப் பெரிய மச்சம் ஒன்று உண்டு, கல்யாணத்தில் மெட்டி போடும்போது பார்த்தது. அதை எழுதப் போனேன்.

"கால்ல உள்ளத எழுதாதிய" என்றாள். "அத நம்ப முடியாது. கழுத்துக்கு மேல பாத்து எழுதுங்க."

ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வலது காதுக்குக் கீழே, கம்மல் நிழலில், கடுகளவு மச்சம் ஒன்று இருந்தது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷமாக என் கண் முன்னால் இருந்திருக்கும். இரண்டு பிரதியிலும் எழுதிக்கொண்டேன்.